மூட்டுக் கோட்டை விட்டுத் தையல் விலகியது ஏன்? கோண்டாவில் குயில்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் தையல் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு அரைகுறையாக ஒரு குயில்ட் வந்தது. துணித்துண்டுகளைப் பொருத்திய முகப்பு, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் விரிப்புத்தான் குயில்ட். முகப்பு முழுவதும் பொருத்தியாயிற்று. பஞ்சும் அடித்துணியும் வைத்து, துண்டுகள் சேரும் மூட்டுக் கோடுகள் வழியே மெசின் ஓடவும் தொடங்கியாயிற்று. அந்தக் கட்டத்தில் வேலை நின்றுபோயிருந்தது. கொண்டுவந்தவர் கோண்டாவிலில் வீட்டோடு சட்டையும் பிளவுஸும் தைத்துக் கொடுப்பவர். அயலில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் துணி அவரிடம்தான் போகும். கை பழகிய ஆள். அவருடைய பிளவுஸ் கைக்குழியை உள்ளே திருப்பிப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

குயில்ட் முழுவதும் அவருடைய அம்மாவின் பருத்திச் சேலைகள். மெரூன், கரும்பச்சை ஒரு பக்கம். சந்தன நிறம், வெளிர் மஞ்சள் மறுபக்கம். அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும் என்பது எண்ணம். அம்மா இல்லை, அந்தச் சேலைகள் இனிக் கிடைக்கப்போவதுமில்லை. ஆகவே "பிழைச்சால் வேற துணி எடுத்து வெட்டலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ரீச்சர், கை நடுங்குதோ தெரியேல்லை. தையல் கோட்டில நிக்குதில்லை. ஒருக்கா இந்தப் பக்கம் ஏறுது, ஒருக்கா அந்தப் பக்கம் ஏறுது" என்றார்.

"கையில ஒண்டும் இல்லைப் பிள்ளை. முதல்ல குப்புறப் போடும், பாப்பம்" என்றேன்.

மூட்டுப் பள்ளத்தில் தையல் ஓடும்போது கோணினால் எல்லோரும் கையைப் பார்ப்பார்கள், ஊசியைப் பார்ப்பார்கள், வெளிச்சம் காணாது என்பார்கள். என் அனுபவத்தில் அந்தத் தையல் நேராகப் போகுமா போகாதா என்பது மெசினுக்கு முன்னால் இருப்பதற்கு முந்தியே, அயன் மேசையில் முடிவாகிவிடுகிறது. இந்தக் குயில்ட் அதைப் பளிச்சென்று காட்டியது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். ஒவ்வொரு கட்டமும் ஒன்பது சிறு சதுரங்கள் சேர்ந்தது. சிறு சதுரம் 3½ அங்குலமாக வெட்டி, கால் அங்குல மூட்டு விட்டுத் தைத்து, 3 அங்குலமாக நிற்கிறது. ஆக ஒரு கட்டம் 9 அங்குலம். அகலத்துக்கு 6 கட்டம், நீளத்துக்கு 8 கட்டம். கடும் நிறமும் வெளிர் நிறமும் மாறிமாறி வருவதால், முழுவதும் சேர்ந்தால் 54 அங்குலத்துக்கு 72 அங்குலச் சதுரங்கப் பலகை. சுற்றிவர 3 அங்குலக் கரை வைத்து 60க்கு 78. நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு அடுக்கு. குறுக்கே 23 மூட்டுக் கோடு, நெடுக்கே 17, கரையைச் சுற்றி 4. இவற்றில் குறுக்கே 4 நீளக் கோடும் நெடுக்கே 3 கோடும் அவர் ஓடி முடித்திருந்தார். எல்லாம் கட்டத்தையும் கட்டத்தையும் இணைக்கும் கோடுகள்.

முகப்பில் தெரிந்த குறை அவர் சொன்னதுதான். நூல் மூட்டுக்குள் ஒளியாமல் ஒரு முழத்துக்கு மெரூன் மேல் ஓடியது, பிறகு சந்தன நிறத்துக்குத் தாவியது. அடிப்பக்கத்தில், நெடுக்குத் தையல் குறுக்குத் தையலைக் கடக்கும் இடமெல்லாம் அடித்துணி சின்னச் சின்ன மடிப்பாக விழுந்திருந்தது. மூன்றாவது குறையை அவர் கவனிக்கவில்லை: தைத்த பகுதியில் கட்டங்கள் சரிந்திருந்தன. 9 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் இரண்டும் 12¾ அங்குலம் வரவேண்டும். தைத்த கட்டம் ஒன்றில் ஒரு விட்டம் 12½, மற்றது 13. தைக்காத கட்டத்தில் இரண்டும் 12¾ சரியாக இருந்தது. அப்படியென்றால் வெட்டலும் பொருத்தலும் சுத்தம்; கோணல் குயில்ட் தையலில்தான் வந்திருக்கிறது.

ஓரத்தில் பஞ்சை விலக்கி, முகப்பின் பின்புறத்தைப் பார்த்தபோது முதற்குறையின் காரணம் தெரிந்தது. கட்டங்களை இணைத்த மூட்டு ஒவ்வொன்றையும் அவர் இரண்டு பக்கமும் விரித்து, நடுவால் பிளந்து அயன் பண்ணியிருந்தார். சட்டை தைக்கிறவர்களுக்கு இது இரத்தத்தில் ஊறிய பழக்கம். தோள் மூட்டு, பக்க மூட்டு எல்லாம் விரித்து மினுக்கினால்தான் உடம்பில் தட்டையாக இருக்கும். சட்டைக்கு அது சரி. குயில்ட்டில் மூட்டுக் கோட்டிலேயே தையல் ஓடப்போகிறோம் என்றால் அது உதவாது.

ஏன் உதவாது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டு துண்டைப் பொருத்தி, மூட்டு விளிம்பு இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து அயன் பண்ணினால், சாய்த்த பக்கத்தில் துணி மூன்று மடிப்பாகிறது: முகத்துணி ஒன்று, விளிம்பு இரண்டு. மறுபக்கத்தில் முகத்துணி ஒன்று மட்டும். ஆக மூட்டின் ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, இடையில் ஒரு படி உண்டாகிறது. ஊசி அந்தப் படியின் அடியோரத்தில், தாழ்ந்த பக்கத்தில் இறங்க வேண்டும். உயர்ந்த பக்கத்தின் மடிப்பு நூலுக்கு மேலாகச் சற்றுக் கவிந்து அதை மறைத்துவிடும். அதோடு, அந்தப் படி ஊசிக்கும் பாதத்துக்கும் ஓர் அணையாகவும் நிற்கிறது. பாதம் உயர்ந்த பக்கத்தில் ஏறப் பார்த்தால் தடிப்பு அதை மெல்லத் திருப்பிவிடும். நேராகப் போவதற்குத் துணியே உதவி செய்கிறது.

விரித்து அயன் பண்ணிய மூட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மடிப்பு. படியே கிடையாது. நூலை மறைக்க ஒன்றுமில்லை, ஊசியை அணைக்கவும் ஒன்றுமில்லை. ஒரு நூலிழை விலகினாலும் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பக்கம் விலகினாலும் தெரியும். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் 54 அங்குலத்துக்கு ஒரு நூலிழைகூட விலகாமல் ஓட முடியாது. அவர் ஓடிய தையலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இப்படிப்பட்ட மூட்டுக்கு அது நல்ல தையல்தான். இதைவிட நேராக நானும் ஓடியிருக்க மாட்டேன்.

இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. விரித்த மூட்டின் நடுவில் ஊசி இறங்கும் இடத்தில் துணி இல்லை; இரண்டு துண்டையும் பிடித்திருக்கும் பொருத்து நூல் மட்டும் இருக்கிறது. ஊசி அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் மூட்டை விரல்களால் அகட்டிப் பார்த்தபோது பொருத்து நூல் அறுந்து, வெளிர் மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே பஞ்சு தெரிந்தது. பழைய சேலைத் துணி. கரை பிரிந்தால் இழை இழையாக வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பிரித்துத் திரும்பத் தைப்பது என்று முடிவெடுத்தோம். மற்றக் குறைகள் மட்டும் இருந்திருந்தால் சகித்துக்கொண்டு முடிக்கச் சொல்லியிருப்பேன்.

மற்ற இரண்டுக்கும் காரணம் தேடச் சிரமமில்லை. மெசினின் சாதாரணப் பாதத்தால் தைத்திருக்கிறார். கீழே பற்கள் அடித்துணியைப் பின்னுக்கு இழுக்கும்போது, மேலே பாதம் முகப்பை முன்னுக்குத் தள்ளுகிறது. மெல்லிய துணி இரண்டு என்றால் தெரியாது. நடுவில் பஞ்சு இருந்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மயிரிழை சேர்ந்து, குறுக்குத் தையல் வரும் இடத்தில் போக வழியில்லாமல் மடிப்பாக விழும். ஊக்குகளும் ஒரு சாணுக்கு ஒன்றுதான் குத்தியிருந்தார். சரிவுக்குக் காரணம் ஓடிய திசை: ஒரு கோடு மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல். துணியைத் திருப்பும் வேலை மிச்சம் என்று பலரும் இப்படிச் செய்வார்கள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் எதிரெதிராக இழுபட்டால் சதுரம் சாய்சதுரமாகும்.

பிரிப்பதற்கு அவசரம் ஆகாது. அடித்துணிப் பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றை வெட்டிக்கொண்டு போய், பிறகு முகப்பு நூலை இழுத்தால் நீளமாகக் கழன்று வரும். முகப்புப் பக்கம் கத்தி வைக்கக் கூடாது. சேலையில் ஊசித் துவாரம் தெரிந்தது. அவர் பைகள் தைக்கும் 16ஆம் நம்பர் ஊசியையே போட்டிருந்ததால் துவாரம் பெரிது. விரலில் தண்ணீர் தொட்டு, நகத்தால் இழைகளை நெருக்கித் தடவி, ஈரத்தோடு அயன் வைத்தபோது பெரும்பாலும் மூடிக்கொண்டது. பருத்தித் துணிக்கு இது கைகொடுக்கும். சட்டின், பட்டுக்கு நம்ப வேண்டாம்.

இனி முக்கியமான வேலை. முகப்பைத் தனியே எடுத்து, பின்புறத்தை மேலே போட்டு, விரித்திருந்த மூட்டுகளைத் திரும்பச் சாய்த்தோம். 7 குறுக்கு நீள மூட்டும் கடைசியாகத் தைத்தவை. அவற்றின் விளிம்பு 54 அங்குலத்துக்கும் எதிலும் மாட்டாமல் கிடந்தது. எல்லாவற்றையும் கீழ்ப்பக்கமாகச் சாய்க்க முடிந்தது. நெடுக்கு மூட்டு 5இல் ஒரு சிக்கல்: அவற்றின் விளிம்பு, குறுக்கு மூட்டைச் சந்திக்கும் இடங்களில் விரித்தபடியே மாட்டித் தைபட்டிருக்கிறது. அதைப் பிரிக்கப் போனால் முகப்பு முழுவதையும் பிரிக்க வேண்டும். அதனால் சந்திக்கு மேலும் கீழும் அரை அங்குலம் விரிந்தபடி விட்டு, இடையில் உள்ள எட்டு அங்குலத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்தோம். அந்த அரை அங்குலத்தில் தையல் முன்போல் வெளித்தெரியும், பொருத்து நூலையும் தொடும். அங்கே நூல் அறாமலிருக்க, அந்த இடங்களைக் கையால் இரண்டு பின்தையல் போட்டுப் பலப்படுத்தினார்.

அயன் பண்ணும் விதமும் ஒரு வேலைதான். தைத்தவுடன் மூட்டைத் திறக்காமல், தைத்தபடியே வைத்து ஒருதரம் அழுத்த வேண்டும். நூல் துணிக்குள் இறங்கும். பிறகு முகப்புப் பக்கம் திருப்பி, துண்டைத் திறந்து, அயன் பெட்டியின் ஓரத்தால் மூட்டை நோக்கி அழுத்தி எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் துணி வில்லாக வளையும். மூட்டுக்கு மேலே ஒரு சிறு மடிப்பு மறைந்து கிடந்தால், அதற்குள் பாதம் அகப்பட்டு ஊசி எங்கேயோ போகும். முந்தி வீடுகளில் இருந்த சிரட்டைக்கரி அயன் பெட்டி இந்த வேலைக்கு அருமையானது. அதன் பாரமே அழுத்தும். நாங்கள் எடுத்து எடுத்து வைத்தால் காணும். இப்போதைய இலேசான பெட்டியில் அந்தப் பாரத்தைக் கைதான் கொடுக்க வேண்டும்.

சாய்க்கும் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெளிர் துணியின் கீழே கடும் நிற விளிம்பு வந்தால் நிழலாகத் தெரியும். அதனால் சிறு சதுரங்களின் குட்டி மூட்டுகளைக் கடும் நிறத்தின் பக்கம் சாய்ப்பது வழக்கம். அவரும் கட்டத்துக்குள் அப்படியே செய்திருந்தார். இதில் ஒரு நன்மை: கடும்-வெளிர்-கடும் என்ற வரிசையில் விளிம்புகள் வெளிப்பக்கம் சாயும், அடுத்த வெளிர்-கடும்-வெளிர் வரிசையில் உட்பக்கம் சாயும். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது விளிம்புகள் எதிரெதிராகப் பூட்டிக்கொண்டு, மூலைக்கு மூலை அச்சொட்டாகப் பொருந்தும்.

ஆனால் அதே நன்மை, தையல் ஓடும்போது தொல்லையாகிறது. அந்த நெடுக்குக் கோட்டில் தாழ்ந்த பக்கம் 3 அங்குலத்துக்கு ஒருதரம் இடம் மாறுகிறது. இப்போது இடப்பக்கம், அடுத்த சதுரத்தில் வலப்பக்கம், பிறகு மறுபடி இடம். ஒவ்வொரு சந்தியிலும் ஊசியைக் கீழே நிறுத்தி, ஓர் இழை அகலம் மறுபக்கம் நகர்த்திப் போக வேண்டும். நெடுக்கே 12 கோடு, ஒவ்வொன்றிலும் 23 சந்தி. அவர் கேட்டார்:

"அப்ப இதெல்லாம் மாறி மாறித் தைக்கவேணுமோ ரீச்சர்?"

"தேவையில்லை. அந்தப் பன்னிரண்டையும் விட்டிடும்."

காரணத்தோடுதான் சொன்னேன். இப்படி இறுகாத பொலியெஸ்டர் பஞ்சுக்குத் தையல் மூன்று நாலு அங்குலத்துக்கு ஒருதரம் வந்தால் நல்லது. இடைவெளி கூடினால் துவைக்கத் துவைக்கத் திரளும். குறுக்கே உள்ள 23 கோடும் 3 அங்குலத்துக்கு ஒன்றாக வருகின்றன. கட்டத்துக்குள் வரும் குறுக்கு மூட்டுகளை அவர் எல்லாக் கட்டத்திலும் நடு வரிசைக்கு வெளிப்புறமாகவே சாய்த்திருந்ததால், அவையும் 54 அங்குலத்துக்குப் பக்கம் மாறாமல் போகின்றன. நெடுக்கே கட்டங்களை இணைக்கும் 5 கோடு. இவ்வளவும் இருந்தால் பஞ்சு எங்கும் 3 அங்குலத்துக்கு மேல் தனியே கிடக்காது. எல்லா மூட்டிலும் தையல் ஓடியே ஆகவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் கோட்டில் மல்லுக்கட்டி அலங்கோலமாக்குவதைவிட, மாறாத கோடுகளைச் சுத்தமாக ஓடுவது மேல்.

மூன்றடுக்கையும் திரும்ப வைத்தது சீமெந்து நிலத்தில். அடித்துணியை முகம் கீழாக விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் நிலத்தோடு ஒட்டி, இறுகவும் விடாமல் தளரவும் விடாமல் வைத்தோம். அடித்துணி புதுப் பருத்தி. முதலே கிணற்றுத் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்திருந்தார். சேலைகள் ஆண்டுக்கணக்காகத் தோய்த்தவை, இனிச் சுருங்காது. புதுத் துணி சுருங்கும். தோய்க்காமல் விட்டிருந்தால் முதல் கழுவலிலேயே அடிப்பக்கம் இழுத்திருக்கும். எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லின் தண்ணீர். சவர்க்காரம் துணியில் படிந்து விறைப்பாக்கும். கடைசியாக ஒருதரம் வெறும் தண்ணீரில் நன்றாக அலசாமல் துணியைத் தைக்க எடுக்க வேண்டாம். மெரூன் சேலையையும் சோதித்தோம். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அயன் வைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டவில்லை.

அடித்துணியும் பஞ்சும் முகப்பைவிடச் சுற்றிவர 4 அங்குலம் கூட. ஒட்டும் ஸ்பிரே இங்கே தேடி அலைய வேண்டிய சாமான், விலையும் அதிகம். நூலும் ஊசியும் போதும். நடுவிலிருந்து வெளியே, நாலு விரற்கிடைக்கு ஒரு வரிசையாகப் பெரிய இழைகளாக நூல் ஓடினார். மூட்டுக்கு மேலே ஓடாமல் சதுரத்தின் நடுவால் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மெசின் தையல் அந்த நூலையும் சேர்த்துப் பிடித்துவிடும், பிறகு உருவுவது கரைச்சல். ஊக்கு குத்துவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஊக்கைக் கழற்றுவதற்காக நடுவில் நிற்கத் தேவையில்லை.

மெசின் அவருடையதுதான்: மாமியார் வழியில் வந்த பழைய கறுப்பு சிங்கர், கால் மிதி. சிங்கர் 1877 முதல் இலங்கையில் இருக்கிறது. குடாநாட்டில் இந்தக் கறுப்பு மெசின் இல்லாத ஒழுங்கை குறைவு. 1990இல் போரால் மின்சாரம் அற்றுப்போன பிறகு, ஆண்டுக்கணக்கில் ஊரின் தையல் முழுவதையும் தாங்கியவை இவைதான். அந்தக் காலத்தில் பழகியவர்களின் காலில் ஒரு கணக்கு இருக்கும்: ஒரு தையல் மட்டும் போட்டு நிற்கச் சொன்னால் நிற்பார்கள். மூட்டுப் பள்ளத்தில் ஓட அதைவிட நல்ல மெசின் தேவையில்லை. "மோட்டர் பூட்டினால் நேராப் போகுமோ" என்று கேட்டவருக்கு, வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

பாதத்தை மட்டும் மாற்றினோம். மேலேயும் பற்கள் உள்ள பாதம்; கடையில் வோக்கிங் ஃபுட் என்று கேட்க வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது அதன் மேற்பற்களும் தூக்கி வைத்து, முகப்பையும் அடித்துணியையும் ஒரே அளவில் நகர்த்தும். வாங்கும்போது மெசினின் தண்டு உயரம் பார்க்க வேண்டும். பாதத்தைப் பூட்டும் திருகாணி ஊசித்தட்டிலிருந்து ஏறக்குறைய அரை அங்குலத்தில் இருந்தால் தாழ்ந்த தண்டு, ஒரு அங்குலத்தில் இருந்தால் உயர்ந்த தண்டு. வீட்டு மெசின்கள் பெரும்பாலும் தாழ்ந்தவை. தையற்கடைப் பெரிய மெசின்கள் உயர்ந்தவை. பாதத்தின் பக்கத்துக் கை, ஊசியைப் பிடிக்கும் திருகாணிக்கு மேலே இருக்க வேண்டும். அது கீழே விழுந்து கிடந்தால் பற்கள் வேலை செய்யாது. இந்தப் பாதம் கிடைக்காதவர்கள் மெசினின் தலையில் உள்ள அழுத்தத் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, நூலோட்டத்தை இன்னும் நெருக்கமாகப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஊசி 11ஆம் நம்பர், புதியது. தையல் நீளம் அங்குலத்துக்கு எட்டு ஒன்பது. பொருத்தும்போது அவர் வைத்திருந்தது பன்னிரண்டு. பஞ்சு நடுவில் இருப்பதால் தையல் உள்ளே அமுங்கிக் குறுகித் தெரியும், கொஞ்சம் நீளமாக வைத்தால்தான் அழகாக இருக்கும். நூல் நிறத்தில் கொஞ்சம் நேரம் செலவழித்தோம். குறுக்குக் கோட்டில் தாழ்ந்த பக்கம் மாறாவிட்டாலும், அதில் கடும் சதுரமும் வெளிர்ச் சதுரமும் மாறிமாறி வருகின்றன. ரீலிலிருந்து ஒற்றை நூலை இழுத்து முகப்பில் குறுக்கே போட்டு, எழும்பி நின்று பார்த்தோம். ரீலோடு வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். மெரூன் நூல் சந்தன நிறத்தில் கோடாக விழுந்தது. வெள்ளை பச்சையில் பல்லிளித்தது. மங்கிய கபிலம் இரண்டிலும் அடங்கிப்போனது. அடியில் பொபினிலும் அதே நூல். நிறமில்லாத கண்ணாடி நூல் பற்றிக் கேட்டார். நைலோன் என்றால் சூடான அயனில் உருகும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்பும் விரிப்பில் நான் போட மாட்டேன்.

மேசையின் இடப்பக்கத்திலும் பின்னாலும் கதிரைகள் வைத்து, அதன் மேல் குயில்ட்டின் பாரத்தை ஏற்றினோம். இதை அற்பம் என்று நினைக்கக் கூடாது. தொங்கும் துணி ஊசியை இழுக்கும். அந்த இழுப்பில்தான் கோடு வளையும். முதலில் நடுக் குறுக்கு மூட்டு, பிறகு நடு நெடுக்கு மூட்டு. பிறகு நடுவிலிருந்து வெளியே ஒரு பாதி முழுவதும், எல்லாக் கோடும் ஒரே திசையில். மற்றப் பாதிக்குக் குயில்ட்டை முழுதாகத் திருப்பி, மறுபடி நடுவிலிருந்து வெளியே. இப்படிச் செய்தால் மெசின் கழுத்துக்குள் பாதிக்கு மேல் சுருள் போகாது. பக்கத்துக் கோடுகளும் ஒரே பக்கமாக இழுபடும். கோடு கரை மூட்டில் தொடங்குவதால் கால் அங்குலத்துக்கு ஆறேழு குறுந்தையல் போட்டுத் தொடங்கி, அப்படியே முடித்தார். பின்னோட்டம் போட்டால் அந்த இடம் முடிச்சாகத் தெரியும்.

இனிக் கை. இரண்டு சுட்டுவிரலையும் மூட்டின் இருபுறமும் பாதத்துக்கு முன்னால் வைத்து, மூட்டை மெல்ல அகட்ட வேண்டும். படியின் அடியோரம் வெளியே வரும். ஊசி அங்கே இறங்கும். விரலை விட்டதும் மடிப்பு திரும்பி வந்து நூலை மூடும். அகட்டுவது பக்கவாட்டில் மட்டும். முன்னுக்கோ பின்னுக்கோ இழுத்தால் பற்களோடு சண்டை பிடித்ததாகும். வியர்வையில் விரல் வழுக்கினால், காசு எண்ணுகிறவர்கள் போடும் ரப்பர் விரலுறை நல்ல உதவி. கண் ஊசியில் இருக்கக் கூடாது. ஊசிக்கு முன்னால் ஒரு அங்குலத்தில் மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாகத் திருத்தும். விளக்கை மேலே தொங்கவிடாமல், இடப்பக்கம் தாழ்த்தி வைத்தோம். தாழ்ந்த வெளிச்சத்தில் படியின் நிழல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாக விழுகிறது. மூட்டு எங்கே என்று பார்த்தவுடனே தெரியும்.

முதல் கோடு பாதி போகும்போதே அவர் நிறுத்திவிட்டு, துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நூலைக் காணவில்லை. "எங்க ரீச்சர் தையல்?" என்று கேட்டு, விரலால் அகட்டிப் பார்த்துத்தான் நம்பினார். அதே கை, அதே கால், அதே மெசின். 54 அங்குலத்தில் ஓரிடத்தில் ஒரு தையல் உயர்ந்த பக்கம் ஏறியிருந்தது. அதைப் பிரிக்க விடவில்லை.

நெடுக்குக் கோடுகளில், எதிர்பார்த்தபடி, சந்திகளின் பக்கத்தில் அரை அங்குலம் அரை அங்குலமாகத் தையல் தெரிகிறது. கபில நூல் என்பதால் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கண்ணில் படும். அடிப்பக்கம் மடிப்பு எங்கும் விழவில்லை. முடித்துக் கரைப்பட்டி கட்டித் தோய்த்த பிறகு மூலைவிட்டங்களை அளந்தோம். பார்த்த கட்டங்களில் இரண்டு விட்டமும் ஒன்றுக்கொன்று சமம். பஞ்சு இழுத்ததால் 12¾க்கு மிகச் சிறிது குறைவு, அவ்வளவுதான்.

சேலைகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. தனக்கென்று ஒன்று தைக்கப்போகிறார். இம்முறை துணியில் கத்தரி வைக்க முன்னம், கொப்பித் தாளில் கட்டம் கீறி, ஒவ்வொரு மூட்டும் எந்தப் பக்கம் சாயும் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது சதுரக் கட்டத்தில் அம்புகள் மாறி மாறி நிற்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தள்ளிவைத்து, 3 அங்குல நீளக் கீற்றுகளாக வெட்டும் திட்டம் ஒன்றைக் கீறியிருந்தார். 72 அங்குலத்துக்கும் அம்பு ஒரே பக்கம்.